சைக்கிள் ட்யூபில் ஒரு பெருந்தமனி

கேள்வி இதுதான்: தமனியில் அழுத்தத்தை மட்டும் அளந்தால், அங்கே ரத்தம் எப்படி ஓடியது என்று சொல்ல முடியுமா? அப்படிக் கணித்த ஓட்டத்தை வைத்து, இதயத்திலிருந்து போன அலை எவ்வளவு, எங்கோ முட்டித் திரும்பி வந்த அலை எவ்வளவு என்று பிரிக்க முடியுமா?

முடியும் என்று 2006-இல் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் காட்டினார்கள். ஓட்டத்தை ஒரு வெறும் முக்கோணமாக வரைந்துகொண்டாலே போதும் என்றார்கள். படித்தபோது ஏமாற்று வேலை போலத்தான் இருந்தது. மனிதரில் சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஓட்டத்தை அளக்க டாப்ளர் என்னும் அல்ட்ராசவுண்ட் கருவி வேண்டும், அழுத்தத்துக்குத் தோலின் மேல் வைத்துத் துடிப்பைப் பதியும் நல்ல டோனோமீட்டர் வேண்டும். சரி, நிஜ ஓட்டம் என்னவென்று எனக்கே முன்கூட்டித் தெரிகிற ஒரு செயற்கைத் தமனியைச் செய்து, அதில் இந்த முக்கோணத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் குழாய். சர்ஜிகல் ரப்பர் ட்யூப் வாங்கிப் பார்த்தேன். சுவர் தடிமன், விட்டம் சிறியது, அலை விர்ரென்று ஓடிவிடுகிறது. சுவர் எவ்வளவு கெட்டியோ அலை அவ்வளவு வேகம். இளவயதுப் பெருந்தமனியில் வினாடிக்கு ஐந்தாறு மீட்டர், வயதானால் பத்தைத் தாண்டும். எனக்கு மெல்லிய சுவரும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமும் வேண்டும். யோசித்துக்கொண்டே சைக்கிள் கடையைக் கடந்தபோதுதான் பொறி தட்டியது.

“அண்ணே, பழைய ட்யூப் ஒண்ணு கிடைக்குமா?”

“எதையாவது கட்டவா, காத்து அடிக்கவா?”

“தண்ணி அடைக்க.”

அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒட்டுப்போடாத 26 அங்குல ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சைக்கிள் ட்யூபில் இன்னொரு வசதி, வால்வுத் தண்டு. தண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளி ட்யூபை வெட்டி நீளமாக்கினால், பம்பை ஒட்டிய முனையிலேயே அழுத்தம் பார்க்கத் தயாராக ஒரு வாசல் கிடைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் வால்வைக் கழற்றிவிட்டு அதில் சென்சாரைப் பொருத்தினேன். மறுமுனையை ஒரு திருகுக் கிளாம்ப்பில் நசுக்கினேன். அந்த இடுக்கு வழியாகக் கசியும் தண்ணீர் வாளிக்குப் போகும். திருகைக் கூட்டினால் தடை கூடும். சிறு தமனிகளின் வேலையை அந்த ஒரு திருகு செய்கிறது.

பம்புக்கு 50 மில்லி சிரிஞ்ச். அதன் மூக்கு வழியாகத் தண்ணீரை வேகமாகத் தள்ள முடியாது, கை வலிக்கும். மூக்கை ரம்பத்தால் அறுத்துவிட்டு, முழு வாயையும் ஒரு அங்குல பிவிசி டீயில் ஒட்டினேன். டீயின் இரு பக்கமும் மடல் வகை நான்-ரிட்டர்ன் வால்வு. ஒன்று வாளியிலிருந்து உறிஞ்ச, இன்னொன்று ட்யூபுக்குத் தள்ள.

பிஸ்டனை ஓட்ட கார் வைப்பர் மோட்டார், வேகமான கதியில் நிமிடத்துக்கு 65 சுற்று. இதயத் துடிப்புக்குச் சரியான எண்ணிக்கை. ஆனால் சாதாரண கிராங்க் போட்டால் தள்ளுவதும் இழுப்பதும் பாதிப் பாதி. இதயம் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு துடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் தள்ளுகிறது, அதிலும் ஆரம்பத்திலேயே ஓட்டம் உச்சிக்குப் போய்விடுகிறது. அதனால் ப்ளைவுட்டில் ஒரு கேம், அதாவது சுற்றும்போது தன் கோணல் ஓரத்தால் பிஸ்டனைத் தள்ளும் வட்டு, வெட்டினேன். 120 டிகிரிக்குள் பிஸ்டன் முழுதாகப் போகும், முதல் பகுதியில் சரிவு அதிகம். திரும்பி இழுக்க, மிச்சமிருந்த ட்யூபிலேயே வெட்டிய ரப்பர் பட்டைகள். ஒரு துடிப்பு 0.92 வினாடி, தள்ளுவது 0.31 வினாடி, ஒரு தடவைக்கு 35 மில்லி. நிஜ இதயம் தள்ளுவதில் பாதிதான், ஆனால் ட்யூபுக்கு இது போதும்.

பிஸ்டன் தண்டில் பழைய ஆடியோ மிக்ஸரிலிருந்து கழற்றிய ஸ்லைடு பொட்டென்ஷியோமீட்டர், நகர்த்தினால் மின்தடை மாறும் பட்டை. இதுதான் திட்டத்தின் உயிர். பிஸ்டன் இருக்கும் இடம் தெரிந்தால் வேகம் தெரியும். வேகத்தைச் சிரிஞ்சின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். முக்கோணத்தை எதோடு ஒப்பிட்டுத் திட்டலாம் என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு நிஜம் இருக்கிறது.

அழுத்த சென்சாருக்குத்தான் அதிக நாள் போனது. முதலில் கையிலிருந்த எம்பிஎக்ஸ்5050 போடலாம் என்று பார்த்தால், அது காற்றுக்குத்தான், தண்ணீர் படக்கூடாது. நடுவில் கொஞ்சம் காற்றை விட்டால் சென்சார் பிழைக்கும், ஆனால் அந்தக் காற்று ஸ்பிரிங் போல அமுங்கி அலையின் கூர்மையையே மழுக்கிவிடும். கடைசியில் ஐசியூவில் தமனிக்குள் ஊசி வைத்து அழுத்தம் பார்க்கும் டிஸ்போசபிள் டிரான்ஸ்டியூசர் இரண்டு, காலாவதியானவை, ஒரு நண்பர் வழியாகக் கிடைத்தன. அவை எல்லாம் ஒரே கணக்கு: ஒரு வோல்ட் ஊட்டினால் ஒரு மி.மீ. பாதரசத்துக்கு 5 மைக்ரோவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் 100 மி.மீ.க்கு வெறும் 2.5 மில்லிவோல்ட்.

எடைத் தராசில் போடும் எச்எக்ஸ்711 போர்டை இணைத்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன், மலிவு. ஆனால் அது வினாடிக்கு அதிகபட்சம் 80 அளவுதான் தரும். அளவுக்கும் அளவுக்கும் இடையில் 12.5 மில்லிவினாடி; அதற்குள் என் ட்யூபில் அலை ஒன்பது சென்டிமீட்டர் ஓடிவிடும். ஆகாது. ஏடி620 பெருக்கியில் 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு 495 மடங்கு, இரண்டு 9 வோல்ட் பேட்டரி, அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையில் வினாடிக்கு 500 அளவு. அது பிரித்தறியும் ஒரு படிக்கு 0.4 மி.மீ. வருகிறது. நாலைந்து துடிப்பைச் சராசரி எடுத்தால் தாராளம்.

அளவு சரிதானா என்று பார்க்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூபை மாடிப்படிச் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். 136 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 100 மி.மீ. பாதரசம், 68 என்றால் 50. படியில் உட்கார்ந்து சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் ஹேல்ஸ் நினைவுக்கு வந்தார். குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, கண்ணாடிக் குழாயில் ரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியதைப் பார்த்து 1733-இல் எழுதிவைத்த மனிதர். அவருக்கு ஏணி தேவைப்பட்டிருக்கும். எனக்குப் படிக்கட்டு போதுமாயிற்று.

முதல் ஓட்டத்தில் திரையில் வந்த அலையைப் பார்த்து மிரண்டுபோனேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் உச்சியைத் தாண்டித் துள்ளி, நாலைந்து முறை ஆடி அடங்கியது. எதிரொலி அலை இவ்வளவு அழகாகத் தெரிகிறதா என்று அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கிளாம்ப்பை நகர்த்தினேன். ஆட்டத்தின் இடைவெளி மாறவே இல்லை. எதிரொலியாக இருந்தால் தூரத்துக்கு ஏற்ப மாறியாக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் டிரான்ஸ்டியூசரின் மூவழித் திருகில், மூலையில், கடுகு அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி. திருகை நிமிர்த்திப் பிடித்து ஸ்பேனரால் டொக் டொக் என்று தட்டினேன். அது நகர்ந்தது, நின்றது, இரண்டாகப் பிரிந்தது, ஒருவழியாக வெளியே போனது. ஆட்டமும் போனது. அதற்குப் பிறகு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் நிரப்புகிறேன். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று ஒரு மணி நேரத்தில் மறுபடி குமிழியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது டிரான்ஸ்டியூசரை 1.6 மீட்டர் தள்ளி வைத்து, அலையின் அடி இரண்டு இடத்தையும் எப்போது தொடுகிறது என்று பார்த்தேன். 0.22 வினாடி. ஆக அலைவேகம் 7.3 மீட்டர். மிதிவண்டி ரப்பர், நடுத்தர வயது மனிதரின் தமனிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! ட்யூபின் உள்பரப்பு, தண்ணீர் நிரப்பி எடை பார்த்ததில், 5 சதுர சென்டிமீட்டர்.

இந்த இரண்டு எண்ணும் இருந்தால் கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ் கிடைத்துவிடும். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. எதிரொலியே இல்லாத குழாயில், ஓட்டத்தை ஒரு அலகு கூட்டினால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதுதான் அது. அடர்த்தியை அலைவேகத்தால் பெருக்கி, பரப்பால் வகுக்க வேண்டும். என் ட்யூபுக்கு, வினாடிக்கு ஒரு மில்லி ஓட்டத்துக்கு 0.11 மி.மீ. பாதரசம். உச்சியில் 200 மில்லி ஓடினால், போகும் அலையால் மட்டும் 22 மி.மீ. ஏற வேண்டும். நான் கண்டதோ 40 மி.மீ. துடிப்பு. மிச்சம் திரும்பி வந்தது.

பிரிக்கும் சூத்திரம் இரண்டே வரி:

போகும் அலை = (அழுத்தம் + இம்பீடன்ஸ் × ஓட்டம்) ÷ 2

திரும்பும் அலை = (அழுத்தம் − இம்பீடன்ஸ் × ஓட்டம்) ÷ 2

போகும் அலையில் அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து ஏறும். திரும்பும் அலையில் அழுத்தம் ஏற, ஓட்டம் இறங்கும், ஏனென்றால் அது எதிர்த்திசையில் தள்ளுகிறது. கூட்டினால் ஒன்று விழுகிறது, கழித்தால் மற்றொன்று விழுகிறது. அவ்வளவுதான். திரும்பும் அலையின் உயரத்தைப் போகும் அலையின் உயரத்தால் வகுத்தால் எதிரொலிப்பு விகிதம்.

இப்போது முக்கோணத்தின் தந்திரத்துக்கு வருகிறேன். அழுத்த அலையில் மூன்று இடத்தைக் குறிக்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் அடி, அங்கே ஓட்டம் தொடங்குகிறது. வால்வு மூடும்போது விழும் சின்ன வெட்டு, அங்கே ஓட்டம் முடிகிறது. நடுவில் ஒரு தோள் போல அலை திரும்பும் இடம், அங்கே ஓட்டத்தின் உச்சி. மூன்றையும் கோட்டால் இணைத்தால் முக்கோணம். உயரம்? எதை வேண்டுமானாலும் வைக்கலாம். நான் 100 வைத்தேன்.

அதெப்படி எதை வேண்டுமானாலும் வைப்பது என்றுதான் எனக்கும் இடித்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. இம்பீடன்ஸையும் அதே முக்கோணத்திலிருந்துதான் எடுக்கிறோம்: அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஹார்மோனிக்குகளாக, அதாவது துடிப்பைப்போல ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு வேகத்தில் ஆடும் எளிய அலைகளாகப் பிரித்து, நான்காவதிலிருந்து ஏழாவது வரை அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து, சராசரி. முக்கோணத்தை இரட்டிப்பு உயரமாக வரைந்தால் இம்பீடன்ஸ் பாதியாகிவிடும். சூத்திரத்தில் வருவது இரண்டின் பெருக்கல் மட்டுமே, அது மாறாது. ஓட்டத்தின் நிஜ அளவு தெரியவே வேண்டாம், வடிவம் போதும். இந்த இடம் புரிந்த அன்று தூக்கம் வரவில்லை.

பைத்தானில் நாற்பது வரி எழுதி, கிளாம்ப்பை 60 சென்டிமீட்டரில் வைத்து ஓட்டினேன். விடை: போகும் அலை 140 மி.மீ., திரும்பும் அலை கிட்டத்தட்ட 100 மி.மீ. கீழ்நோக்கி. மொத்த அழுத்தமே 40 மி.மீ.தான் துடிக்கிறது!

குறியீடு தப்போ, அலகு தப்போ என்று இரண்டு மாலை போயிற்று. கடைசியில் ஹார்மோனிக்குகளைத் தனித்தனியாக அச்சிட்டேன். நான்கு, ஐந்து, ஏழு மூன்றும் 0.2 பக்கத்தில். ஆறாவது மட்டும் 9! வகுக்கும் எண் ஏறக்குறைய சுழி. ஏன் என்று பார்த்தால் சிரிப்பு வந்தது. 60 சென்டிமீட்டர் போய் வர 0.164 வினாடி. அப்போதுதான் தோள் வருகிறது. தள்ளும் நேரம் 0.31 வினாடி, ஆக முக்கோணத்தின் உச்சி ஏறக்குறைய நடுவில் விழுந்துவிட்டது. துடிப்பில் மூன்றிலொரு பங்கு அகலமுள்ள இருசமபக்க முக்கோணத்துக்கு ஆறாவது ஹார்மோனிக்கே கிடையாது, கணிதப்படி சுழி. நானே பார்த்துப் பார்த்து வெட்டிய கேமும், நானே வைத்த கிளாம்ப்பும் சேர்ந்து என்னை அந்தக் குழியில் தள்ளியிருக்கின்றன. ஓட்டத்தின் ஹார்மோனிக் ரொம்பச் சின்னதாக இருந்தால் அதை விட்டுவிட்டு, சராசரிக்குப் பதில் நடு மதிப்பு எடுக்கும்படி மாற்றினேன்.

ஒப்பிடும் நேரம் வந்தது. பொட்டென்ஷியோமீட்டர் கணக்கில் கிடைத்த நிஜ ஓட்டத்தை வைத்துப் பிரித்தால் எதிரொலிப்பு விகிதம் 0.68. (இடத்திலிருந்து வேகத்தை எடுக்கும்போது கோடு முள்வேலி மாதிரி வருகிறது, அதை வழவழப்பாக்க, பைத்தானின் சைபை நூலகத்தில் இருக்கும் சாவிட்ஸ்கி–கோலே வடிகட்டி போட்டேன்.) தோளில் உச்சி வைத்த முக்கோணம் கொடுத்தது 0.84. இது ரொம்பத் தள்ளி. உச்சியைத் தோளில் வைக்காமல், தள்ளும் நேரத்தின் 30 சதவீதத்தில் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் 0.72.

கண்ணை மூடிக்கொண்டு வைத்தது ஏன் ஜெயித்தது? இதில்தான் என் தமனிக்கும் நிஜத் தமனிக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டது. தோளில் ஓட்டத்தின் உச்சி இருக்கும் என்பதற்குக் காரணம், திரும்பி வரும் அலை வாசலுக்கு வந்ததும் இதயத்தின் ஓட்டத்தைத் தடுக்கத் தொடங்குகிறது. ஓட்டம் அங்கிருந்து இறங்குகிறது. இதயம் விட்டுக்கொடுக்கும். என் வைப்பர் மோட்டார் விட்டுக்கொடுக்காது. எதிரே எந்த அலை வந்தாலும் ப்ளைவுட் கேம் சொன்ன ஓட்டத்தைத்தான் தள்ளும். என் கேமில் உச்சி மூன்றிலொரு பங்குக்குப் பக்கத்தில். எதிரொலி எப்போது வந்தாலும் அது நகராது. தோளை நம்பும் முறை என் மேசையில் தோற்றதற்கு முறை மட்டும் பொறுப்பில்லை, பிடிவாதக்கார பம்பும் பொறுப்பு.

மனிதரிலும் முக்கோணம் முழு வெற்றி இல்லை என்பது வேறு கதை. பெல்ஜியத்தில் ஆஸ்க்ளெபியோஸ் ஆய்வில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நடுவயதினரிடம் அழுத்தமும் ஓட்டமும் இரண்டும் அளந்து வைத்திருந்தார்கள். அந்தத் தரவில் 2009-இல் கிப்ஸ் குழுவினர் சோதித்தபோது, முக்கோணத்தைவிட, பலருடைய நிஜ ஓட்டங்களைச் சராசரி எடுத்து வைத்துக்கொண்ட ஒரு வளைவே நன்றாக ஒத்துப்போனது. நானும் அதையே செய்தேன். கிளாம்ப்பை 60, 80, 100 சென்டிமீட்டர்களில் வைத்துப் பதிந்த நிஜ ஓட்டங்களைச் சராசரி எடுத்து, அந்த வடிவத்தை அலையின் அடிக்கும் வெட்டுக்கும் இடையில் இழுத்துப் பொருத்தினேன். 0.69. இது கொஞ்சம் கள்ள ஆட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஒரே பம்ப், ஒரே கேம் என்பதால் சராசரிக்கும் தனித்தனி ஓட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவே வழியில்லை.

வெட்டு பற்றி ஒன்று. பிஸ்டன் நின்ற நொடிக்கும் அழுத்தத்தில் வெட்டு விழுந்த நொடிக்கும் 30 மில்லிவினாடி இடைவெளி இருந்தது. மடல் வால்வு சோம்பேறி. கொஞ்சம் தண்ணீர் பின்னால் வந்து தள்ளினால்தான் மூடுகிறது. பிஸ்டனை மட்டும் பார்க்கும் என் நிஜ ஓட்டத்தில் இந்தப் பின்னோட்டம் சரியாகப் பதிவாகவில்லை. அதனால் என் 0.68-ஐயும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ட்யூபின் வாயில் மின்காந்த ஓட்டமானி வைத்தால் தீரும், என் பையில் அதற்கு இடமில்லை.

கிளாம்ப்பை முழுதாக அவிழ்த்துவிட்டு வாளிக்குள் திறந்துவிட்டதும் அழகாக இருந்தது. திறந்த முனையில் அலை தலைகீழாகத் திரும்ப வேண்டும். திரும்பியது, போகும் அலை மேட்டை வரைய, அதே நேரக் கணக்கில் திரும்பும் அலை பள்ளத்தை வரைந்தது. முக்கோணமும் அதைத் தப்பாமல் காட்டியது.

கடைசி நாள், தடையைக் கூட்டிப் பார்க்கலாம் என்று திருகை இன்னும் அரைச் சுற்று முறுக்கினேன். மேல் அழுத்தம் 110-ஐத் தாண்டியது. ஐந்து நிமிடம் கழித்து எதிரொலிப்பு விகிதம் தானாக இறங்கத் தொடங்கியது. போகும் அலைக்குப் பின்னால் 0.08 வினாடியில், இதுவரை இல்லாத ஒரு சின்னப் பள்ளம். 0.08 வினாடியில் போய் வர வேண்டுமென்றால் தூரம் 30 சென்டிமீட்டர். அந்த இடத்தில் எதுவும் இல்லையே என்று திரையிலிருந்து தலையைத் திருப்பினேன். சென்சாரிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், ட்யூப் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. ரப்பர் அங்கே மெலிந்து பளபளவென்று தெரிந்தது. புடைத்த இடம் அகலம், இளக்கம், இம்பீடன்ஸ் குறைவு. அலை அங்கே தலைகீழாகத் திரும்புகிறது. மோட்டாரை நிறுத்த எழுந்தேன். அதற்குள் வெடித்தது.

மேசை, கீபோர்டு, என் சட்டை எல்லாம் தண்ணீர். லேப்டாப் பிழைத்தது. கோப்பும் பிழைத்தது, வெடிப்பதற்கு முந்தைய நூற்றுச் சொச்சம் துடிப்புகளோடு. அந்தப் பள்ளம் துடிப்புக்குத் துடிப்பு ஆழமாவது அதில் அப்படியே இருக்கிறது.

மறுநாள் மறுபடி சைக்கிள் கடைக்குப் போனேன். “பஞ்சரா தம்பி?” என்றார். வெடித்த ட்யூபைக் காட்டினேன். கையில் வாங்கி, கிழிந்த ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “டயர் இல்லாம அடிச்சியா?” என்றார்.